மையத்து காத்திருக்காது

நேர்கோட்டுக் கதையா, திறந்த உலகமா என்ற கேள்வியை இனி யாரும் என்னிடம் கேட்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கொம்பியூட்டர் விளையாட்டுக் கம்பனியை விட்டு ஊருக்கு, மாம்புரிக்கு வந்த பிறகும் விடுகிறார்கள் இல்லை. பழைய கம்பனிப் பிள்ளைகள் வட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டில் எங்காவது ஒரு பெரிய குற்றக்கதை விளையாட்டு வெளிவந்தால் போதும், அன்றைக்கே இரண்டு கட்சியாகப் பிரிந்து அடிபடுவார்கள். ஒரு கட்சிக்குக் கதை வேண்டும். தொடக்கம், நடு, முடிவு என்று வழி மாறாமல் கொண்டுபோக வேண்டும். மற்றக் கட்சிக்கு ஒரு முழு நகரம் வேண்டும். விரும்பிய தெருவுக்குப் போகலாம், விரும்பிய காரைத் திருடலாம், கதை அலுத்தால் தூண்டில் போட்டு மீன் பிடிக்கலாம். கத்தி ஓய்ந்ததும் "நானா, நீங்க சொல்லுங்க" என்று என்னிடம் வருவார்கள். நானா என்றால் எங்களில் அண்ணன்.

சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நடந்ததை எழுதுகிறேன். வாசித்துவிட்டு என்னை விடுங்கள்.

நான் இந்தத் தொழிலுக்குப் படித்து வந்தவன் இல்லை. புத்தளத்தில் ஒரு கொம்பியூட்டர் வகுப்பு, பிறகு கொழும்பில் ஓர் அச்சகத்தில் கலியாணக் கார்டு டைப் அடிக்கும் வேலை. அங்கிருந்து வெளிநாட்டு விளையாட்டுகளுக்குத் துண்டு வேலை செய்து கொடுக்கும் ஒரு கம்பனி. துண்டு வேலை என்றால் அவர்கள் நகரம் கட்டுவார்கள், நாங்கள் அந்த நகரத்துக்குக் குப்பைத்தொட்டி செய்வோம். நீங்கள் பொலிசுக்குப் பயந்து காரை ஓட்டிப் போகும்போது மோதித் தள்ளிய குப்பைத்தொட்டிகளில் நிறைய என் கையால் செய்தவை. பிறகு சோதனைப் பிரிவு. சுவர் சுவராக முட்டிப் பார்த்து, எந்தச் சுவருக்குள் கால் புகுந்து போகிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதைச் சில வருடங்கள் செய்தால் வீட்டுச் சுவரையும் முட்டிப் பார்க்கத் தோன்றும். கடைசியாகத்தான் மிஷன் எழுதுகிறவன் ஆனேன்.

மிஷன் என்பது விளையாடுகிறவன் செய்து முடிக்க வேண்டிய ஒரு காரியம், பெரிய வித்தை இல்லை. மூன்று விஷயம் எழுத வேண்டும். எங்கே தொடங்கும், எப்போது முடியும், எப்படித் தோற்கும். முதல் இரண்டையும் யாரும் எழுதுவார்கள். மூன்றாவதில்தான் எழுதுகிறவனின் குணம் தெரியும். விளையாடுகிறவன் எதைச் செய்தால் அவனைத் தோற்றுப்போனவன் என்று சொல்லப் போகிறாய்? எங்கள் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு இதில் ஒரே பதில்தான் இருந்தது. செத்தால் தோல்வி. வேறு எதைச் செய்தாலும் பரவாயில்லை.

அப்படி ஒரு வாடிக்கையாளருக்கு நேர்கோட்டு விளையாட்டு ஒன்றில் வேலை செய்தோம். கதை, கதை என்று உயிரை விட்டார்கள். அதில் ஓர் இடம். பொலிசுக்குத் தகவல் கொடுத்த ஒருவனைக் கதிரையில் கட்டி வைத்திருக்கிறார்கள். விளையாடுகிறவன் அவனைச் சுட வேண்டும். சுட்டால்தான் கதவு திறக்கும், கதை நகரும். கட்டப்பட்டவன் மன்றாட மூன்று வசனம் எழுதியிருந்தார்கள்.

எங்கள் சோதனைப் பிரிவில் இருந்த ஒரு பிள்ளை சுடவில்லை. துப்பாக்கியைக் கீழே இறக்கிவிட்டு நின்றாள். அவன் மூன்று வசனமும் சொல்லி முடித்தான். திரும்ப முதல் வசனத்திலிருந்து தொடங்கினான்.

"நானா, இந்த மனுசன் எவ்வளவு நேரத்துக்கு இப்படிக் கேட்டுட்டு இருப்பான்?" என்றாள்.

"நீங்க சுடும் வரைக்கும்."

"நான் சுடாட்டி?"

"கேட்டுட்டே இருப்பான்."

அவள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனாள். வந்து பார்த்தபோதும் அவன் மன்றாடிக்கொண்டுதான் இருந்தான். பிழை என்று எழுதி அனுப்பினோம். பிழை இல்லை, எல்லாம் சரியாக வேலை செய்கிறது என்று பதில் வந்தது.

கதைக் கட்சிக்காரர்களே, இதுதான் உங்கள் கதை. விளையாடுகிறவனின் கையைப் பிடித்து இழுத்துப் போவதாகச் சொல்லுகிறீர்கள். உண்மையில் அவன் தேத்தண்ணி குடித்து வரும்வரை ஒரு மனிதனைக் கதிரையில் கட்டி வைத்துக் காத்திருக்கிறீர்கள்.

துண்டு வேலை அலுத்து, கம்பனி சொந்தமாக ஒரு விளையாட்டுச் செய்யத் துணிந்தபோது தலைமைக்கு வந்தவர் திலினி மிஸ். சிலாபத்துக்காரி. சிங்களத்தில்தான் பேசுவார். தமிழ் நன்றாகத் தெரியும், ஆனால் கோபம் வந்தால் மட்டும்தான் வெளியில் எடுப்பார். அவர் வாயில் தமிழ் வந்தால் அறையில் உள்ளவர்கள் எழுந்து போக இடம் தேடுவார்கள்.

அவர் எந்தக் காகிதமும் வாசிக்க மாட்டார். நீங்கள் இருந்து இருந்து எழுதிய திட்டத்தைக் கொண்டுபோய் நீட்டினால், புரட்டிக்கூடப் பார்க்காமல் மேசையில் கவிழ்த்து வைத்து, அதன்மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைப்பார். பிறகு செருப்பைக் கழற்றி, கதிரையில் சம்மணம் போட்டு, கொன்ட்ரோலரை மடியில் வைத்து, "ம்" என்பார். விளையாடிப் பார்க்கிறேன், ஓட விடு என்று அர்த்தம். விளையாடும்போது ஒரு சொல் பேச மாட்டார். முகத்தில் ஒன்றும் தெரியாது. முடிந்ததும் ஒரு கேள்வி கேட்பார், ஒன்றுதான். "இந்த ஆள் ஏன் இங்கே நிற்கிறான்?" "இந்தக் கதவை நான் ஏன் திறக்க வேண்டும்?" பதில் இருந்தால் வேலை பிழைக்கும். இல்லையென்றால் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார், அந்த வேலை செத்தது. செத்த வேலைக்காக யாரையும் அவர் ஏசிப் பார்த்ததில்லை. ஏசினால் நல்லது என்று எல்லாரும் நினைத்தோம்.

விளையாட்டின் பெயர் 'களப்பு', கடல் உள்ளே புகுந்து நிற்கும் நீர்ப்பரப்பு. எங்கள் கரையைத்தான் களமாக எடுத்தோம். பெயர் மாற்றிய ஊர், ஆனால் கற்பிட்டிப் பக்கத்து ஆள் பார்த்தால் எந்த மூலை என்று சொல்லிவிடுவான். கடல் வழியாகப் பீடி இலையும் தங்கமும் கடத்தும் கூட்டம். விளையாடுகிறவன் அந்தக் கூட்டத்துக்குப் படகு ஓட்டும் ரிஸ்வி என்பவன். அவனுடைய கூட்டாளி சவாஹிர். கூட்டத் தலைவன் சவாஹிரைக் கடலில் வைத்துச் சுட்டுவிடுகிறான். ரிஸ்வி மையத்தைப் படகில் போட்டு ஊருக்குக் கொண்டு வருகிறான். மையத்து என்றால் எங்களில் இறந்தவருடைய உடல். வீட்டில் கொடுத்து, தொழுவித்து, அடக்குகிறார்கள். சவாஹிரின் பெண்சாதி கதவுக்குப் பின்னால் நின்று ரிஸ்வியிடம் பேசுகிறாள். அதற்குப் பிறகுதான் ரிஸ்வி கூட்டத்துக்கு எதிராகத் திரும்புகிறான். கதையின் முதுகெலும்பு அந்த அடக்கம்தான். அதை எழுதியவன் நான்.

பெண்சாதியின் குரலுக்கு எங்கள் மாமியின் மகள் ஹலீமாவைக் கேட்டேன். எத்தாளையில் கருவாட்டு வாடி, மீன் காயவைக்கும் கொட்டில், வைத்திருப்பவள். கொழும்பு நடிகைகளின் தமிழ் எனக்குச் சரிவரவில்லை, எல்லாரும் வானொலிச் செய்தி வாசிப்பது போலத்தான் அழுதார்கள். ஹலீமாவின் புருஷன் கடலில் போனவர். படகு கவிழ்ந்து, மையத்து வேறு ஊர்க் கரையில் ஒதுங்கியது. விடுமுறை நாட்கள். சட்ட வைத்தியர் வர வேண்டும், நீதவான் பார்க்க வேண்டும். யாரிலும் பிழை சொல்ல முடியாது, எல்லாரும் தங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள். மையத்து மட்டும் குளிர்ப்பெட்டியில் கிடந்தது. எங்களில் மௌத்தானவரை அன்றைக்கே அடக்கப் பார்ப்போம். ஒரு தொழுகைக்கு இரண்டு தொழுகை பிந்தினாலே வீட்டில் உள்ளவர்கள் தவிப்பார்கள். அவள் நாட்கணக்கில் தவித்தாள்.

இதெல்லாம் தெரிந்துதான் கேட்டேன். அவள் வீட்டு உள்ளறையில் மெத்தைகளைச் சுவரில் சாய்த்து வைத்து ஒலிப்பதிவு செய்தோம். அப்படியும் காற்றாலை இரைச்சல் வந்தது.

"என்னத்த செல்ல மச்சான்? அழுவணுமா?"

"அழ வேணாம். புருசன்ட மையத்து வீட்டுக்கு வருது. கொண்டு வந்தவன் வாசல்ல நிக்கிறான். நீ கதவுக்குப் பின்னால நிண்டு அவனோட கதைக்கிறாய்."

"அவன்தான் கொன்டானா?"

"இல்ல. யாரு கொன்ட எண்டு அவனுக்குத் தெரியும்."

"அப்ப பொலிசுக்குப் போகலாமே?"

"போனா கேம் முடிஞ்சிரும்."

"நல்ல கேம்தான். இதுக்கா நீங்க கொழும்புல இத்தன வருசமா சம்பளம் எடுத்த?" என்று சிரித்தாள். பிறகு, "என்ட குரல் எண்டு ஒருத்தருக்கும் செல்லப்படா. லெப்பைட காதுக்குப் போனா ஹராமா ஹலாலா எண்டு என்னையப் போட்டு அரிச்சிருவாங்க" என்றாள். லெப்பை என்றால் பள்ளிவாசலில் தொழுவிக்கிறவர்.

நான் எழுதிக் கொடுத்ததை அவள் வாசிக்கவில்லை. காகிதத்தைத் திருப்பித் தந்துவிட்டு, மைக்கைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, "கொண்டு வந்து சேத்தீங்க. அது போதும். இனி நீங்க போங்க" என்றாள். அதுதான் பதிவானது. அதற்கு மேல் எழுத எனக்குத் தெரியாது.

வெளியே வந்து வாடியில் கருவாடு திருப்பிக்கொண்டு சொன்னாள்: "ஒண்டு மட்டும் மச்சான். பொம்மைதான், எனக்குத் தெரியும். ஆனா என்ட குரல் போட்ட வீட்டுல மையத்தப் போட்டு வெக்கப்படா. அஸரோட அடக்கிரணும்."

அஸர் என்றால் பின்னேரத் தொழுகை. சரி என்றேன். அப்போது விளையாட்டு நேர்கோடு. மையத்து வந்த கையோடு அடுத்த காட்சி அடக்கம், வேறு எங்கும் போக வழியே இல்லை. லேசாக வாக்குக் கொடுத்தேன்.

பிறகு பணம் போடுகிறவர்கள் வந்தார்கள். வரைபடம் எங்கே என்று கேட்டார்கள். இந்தக் காலத்தில் குற்றக்கதை விளையாட்டு என்றால் ஒரு முழு ஊர் திறந்து கிடக்க வேண்டுமாம், சுதந்திரம் வேண்டுமாம். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எவனுடைய சுதந்திரம்? கொன்ட்ரோலர் வைத்திருப்பவனுடையது. ஊரில் உள்ள மற்ற எல்லாரும் அவன் வரும்வரை அவரவர் இடத்தில் ஆடிக்கொண்டு நிற்க வேண்டும்.

'களப்பு' திறந்த உலகம் ஆயிற்று. நிரல் எழுதும் பிரிவின் தலைவன் நிரோஷன், வத்தளைப் பிள்ளை, கெட்டிக்காரன், கடலையும் களப்பையும் உப்பளத்தையும் தென்னந்தோட்டங்களையும் ஒரே வரைபடத்தில் கொண்டு வந்தான். அழகாகத்தான் இருந்தது. திலினி மிஸ் சம்மணம் போட்டு உட்கார்ந்து "ம்" என்றார்.

படகு ஓட்டினார். சவாஹிர் சுடப்பட்டான். மையத்தைக் கரைக்குக் கொண்டு வந்தார். வீட்டில் கொடுத்தார். வரைபடத்தில் பள்ளிவாசல் மேல் மஞ்சள் புள்ளி ஒன்று விழுந்தது, அங்கே போனால் அடக்கம் தொடங்கும். அவர் போகவில்லை. சோதிக்கிறவர் எப்போதும் போகக் கூடாத பக்கம்தான் போவார். மோட்டார் சைக்கிளில் உப்பளப் பக்கம் போனார். மீன் பிடித்தார். ஒரு பந்தயம் ஓடினார். சூரியன் விழுந்து எழும்பியது, திரும்ப விழுந்து எழும்பியது. திரும்பிச் சவாஹிர் வீட்டுப் பக்கம் வந்தார். வாசலை ஒட்டிய ஒழுங்கையில் பிளாஸ்டிக் கதிரை போட்டு ஆட்கள் இருந்தார்கள். உள்ளே அழுகுரல் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. மையத்து நடு வீட்டில் கிடந்தது.

"இது சரிவராது" என்றேன்.

"ஏன் நானா? புள்ளி இருக்குத்தானே. எப்ப வேணும்னாலும் வரலாம்" என்றான் நிரோஷன்.

"எப்ப வேணுமெண்டாலும் எண்டு மையத்துக்கு ஒண்டு இல்ல தம்பி."

"இது கேம் நானா."

"கேம் எண்டா நாறாதா?"

எல்லாரும் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை. தன் ஒரு கேள்வியைக் கேட்டார்: "நான் வராவிட்டால் இவர்கள் என்ன செய்வார்கள்?"

"அடக்கிருவாங்க மிஸ். நீங்க யாரு அவங்களுக்கு?"

அவர் கோப்பையைத் தூக்கவில்லை. "அப்படிச் செய்" என்றார்.

செய்தோம். என் தொழிலில் நான் செய்த ஒரே வேலை அதுதான் என்று சொல்லுவேன், மற்றதெல்லாம் குப்பைத்தொட்டி. புள்ளியை எடுத்தேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மரண அறிவித்தல் வரும், இன்னார் காலமானார், அஸரோடு நல்லடக்கம் என்று. நீங்கள் வரைபடத்தில் எந்த மூலையில் இருந்தாலும் அது காதில் விழும். பிறகு உங்கள் பாடு. நேரத்துக்கு வந்தால் வந்தீர்கள். வராவிட்டால் ஊர் உங்களுக்காக நிற்காது. பிந்தி வருகிறவனுக்கு அடக்கும் இடமான மையவாடியில் புது மண்மேடு இருக்கும், தலைமாட்டில் அடையாளத்துக்கு மீஸான் கட்டை நட்டிருக்கும். ஒழுங்கையில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருப்பார்கள். சவாஹிர் வீட்டுக் கதவு சாத்தியிருக்கும். ஹலீமாவின் குரல் வராது.

நேரத்துக்கு வந்தவனுக்கும் நான் அதிகம் கொடுக்கவில்லை. அசைவு செய்யும் பிள்ளைகள் முதலில் சந்தூக்கை, மையத்தைத் தூக்கும் பெட்டியை, ஆறு பேர் மெல்ல மெல்ல நடந்து கொண்டுபோவது போலச் செய்திருந்தார்கள், பின்னால் சோக வயலின். வெளிநாட்டுப் படங்களில் அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள். வயலினைப் பிடுங்கினேன். எங்களில் விரைவாக நடப்பார்கள். தோள் மாற்றிக்கொண்டே போவார்கள். எல்லாருக்கும் அந்த நன்மை வேண்டும், பின்னால் இருந்து ஒருவர் வந்து தோளைக் கொடுப்பார், நீங்கள் விலக வேண்டும். ஆகவே ரிஸ்வி சில அடிகள்தான் தூக்குவான். பிறகு யாரோ ஒரு சாரன் கட்டிய ஆள் வந்து அவன் தோளில் இருந்து எடுத்துவிடுவான். கொன்ட்ரோலரில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் திருப்பிக் கிடைக்காது. ரிஸ்வி கூட்டத்தோடு கூட்டமாக நடக்க வேண்டியதுதான்.

"விளையாடுகிறவன் கையில் இருந்து பறிக்கிறீர்களே" என்றார் மிஸ்.

"அவன்ட மையத்து இல்லையே மிஸ்."

வெளியாட்களை அழைத்து விளையாட விட்டோம். அநேகமாக எல்லாரும் தவறவிட்டார்கள். ஒலிபெருக்கி சொன்னதைக் கேட்டார்கள், எழுத்திலும் ஓடியது, ஆனால் மஞ்சள் புள்ளி விழவில்லை என்பதால் அதைப் பின்னணிச் சத்தம் என்று எடுத்துக்கொண்டார்கள். இத்தனை வருடமாக இந்தத் தொழில் அவர்களுக்குப் பழக்கியது அதைத்தான். புள்ளி விழாத மனிதன் மனிதன் இல்லை. மையவாடிக்கு வந்து மண்மேட்டைப் பார்த்ததும் குழம்பிப்போனார்கள். "மிஷன் காணாமல் போய்விட்டது" என்று பிழை அறிக்கை குவிந்தது. ஒரே ஒரு பெடியன் மட்டும் கொன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு மண்மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் என்ன நினைத்தான் என்று நான் கேட்கவில்லை.

பணம் போட்டவர்களின் ஆள் வந்தான். அவனும் தவறவிட்டான். பந்தயம் ஓடிக்கொண்டிருந்தானாம். இவ்வளவு உழைப்பைப் போட்டு அசைவும் குரலும் செய்து, அதை விளையாடுகிறவன் பார்க்காமலே போக விடுவது மடத்தனம் என்றான். அவன் பக்கத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. புள்ளியைத் திரும்பப் போட வேண்டும், விளையாடுகிறவன் வரும்வரை அடக்கம் நிற்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த தவணை வராது என்று சொல்லிவிட்டுப் போனான்.

நிரோஷன் நடுவழி ஒன்று கண்டுபிடித்தான். "நானா, அடக்கட்டும். ஆனா 'மீண்டும் விளையாடு'ன்னு ஒரு பொத்தான் வைப்போம். தவறவிட்டவன் அழுத்தினா பழைய இடத்துக்கே திரும்பிப் போகலாம்."

"அடக்கினவர வெளிய எடுக்கிறதா?"

"நீங்க எதையும் விட மாட்டீங்க."

"நான் என்னத்த விடணும்? எல்லாத்தையும் விட்டுத்தான் இங்க இருக்கிறன்."

மிஸ் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். தமிழ் வந்தது.

"நானா, நீங்க பைத்தியமா? வெளிய இருக்கிற பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்றது? சம்பளம் இல்லை, ஏன்னா மையத்துக்கு அவசரமாப் போச்சு, அப்படியா?"

"நான் வாக்குக் குடுத்திருக்கிறன் மிஸ்."

"யாருக்கு?"

சொன்னேன். ஹலீமாவின் புருஷனுடைய கதையையும் சொன்னேன்.

"அப்ப அவங்கட குரலை எடுத்துடலாம். வேற ஆளை வச்சுப் பதியலாம். அது சரியா?"

வாக்கு குரலைப் பற்றியது என்றால் அத்தோடு தீர்ந்தது. வேறு ஒருத்தி பேசினாலும் அந்த வீட்டில் மையத்துக் கிடக்கத்தானே போகிறது?

"ரெண்டு வழிதான் நானா. புள்ளியைப் போட்டுக் காக்க வைக்கிறது. இல்லாட்டி கடல்ல சுடுறதுல இருந்து அந்த அடக்கம் வரைக்கும் எல்லாத்தையும் வெட்டிடுறது. சவாஹிர் செத்துட்டான்னு ரிஸ்விக்கு ஒரு மெசேஜ் வரும், அவ்வளவுதான். ரெண்டுக்கும் அவங்க ஒத்துக்குவாங்க. நான் சொல்ல மாட்டேன், நீங்க சொல்லுங்க."

கோபத்தில் பேசிய ஆள் கடைசி வசனத்தில் கோபமாக இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

வெட்டினால் கதையின் முதுகு முறியும். ரிஸ்வி எதற்காகத் திரும்புகிறான் என்று யாருக்கும் விளங்காது. நான் செய்த ஒரே வேலையும் போகும். காக்க வைத்தால் வேலை இருக்கும், எல்லாரும் பார்ப்பார்கள், தோள் மாற்றுவதையும் பார்ப்பார்கள், பாராட்டவும் செய்வார்கள். உள்ளதைச் சொல்கிறேன், காக்க வைப்போம் என்றுதான் பாதி மனம் சொன்னது. எத்தாளைக்கு பஸ் ஏறினேன்.

ஹலீமா சூடை மீனுக்கு உப்பு அடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வழியையும் சொன்னேன். காக்க வைத்தால் எத்தனை பேர் அவள் குரலைக் கேட்பார்கள் என்றும் சொன்னேன். அவளை இழுக்கப் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

"காக்க வெச்சா எவ்வளவு நேரம் காக்கும்?" என்றாள்.

"ஆளப் பொறுத்து. சில பேர் கடைசி வரைக்கும் வர மாட்டாங்க."

"அப்ப கடைசி வரைக்கும் அப்படியே கிடக்குமா?"

"ஓம்."

"கபன் துணிக்குள்ள?"

"ஓம்."

அவள் உப்புக் கையை முன்தானையில் துடைத்தாள். "வெட்டிருங்க மச்சான். இல்லாமப் போறது பெரிய விசயமில்ல. கிடக்கிறதுதான் ஏலாத."

"உன்ட குரலும் போயிரும்."

"போகட்டும். லெப்பைக்குப் பயப்படத் தேவல்ல." சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

நீங்கள் 'களப்பு' விளையாடியிருந்தால் தெரிந்திருக்கும், சவாஹிரின் சாவு ஒரு குறுஞ்செய்தியாக வரும். நடுவில் கதை தளர்கிறது என்று விமர்சனம் எழுதினார்கள். தளரத்தான் செய்யும். எழுதியவர்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும், அதை அவர்களுக்கு முன்பே நாங்கள் அறிந்திருந்தோம்.

ஆனால் ஒரு மிஷனை வெட்டுவது அழிப்பான் எடுத்து அழிப்பது போல இல்லை. திறந்த உலகத்தில் எல்லாம் எல்லாவற்றோடும் கட்டியிருக்கும். சவாஹிர் வீட்டு ஒழுங்கையில் கதிரை இருக்க வேண்டுமா, கடைக்காரன் என்ன பேச வேண்டும், பள்ளிவாசலுக்கு யார் யார் வர வேண்டும், எல்லாம் ஒரு கேள்வியைக் கேட்டுத்தான் நடக்கும்: சவாஹிர் அடக்கப்பட்டாரா? ஆம் அல்லது இல்லை. மிஷனை மட்டும் வெட்டினால் அந்தப் பதில் என்றைக்கும் 'இல்லை' என்றே நிற்கும். கதிரைகள் ஒழுங்கையிலேயே கிடக்கும். ஊர் காத்துக்கொண்டே இருக்கும். ஆகவே முதலில் பதிலை 'ஆம்' என்று மாற்றி, அந்த நிலையையே எல்லாருக்கும் பொதுவாகச் சேமித்து, பிறகுதான் வெட்ட வேண்டும்.

"ஒரு வரி தானே நானா, நான் அடிச்சு விடுறேன்" என்றான் நிரோஷன். விசைப்பலகையை இழுத்தும் விட்டான்.

"வேணாம்" என்றேன். "விளையாடித்தான் மாத்தணும்."

"எதுக்கு?"

"உங்களுக்கு விளங்காட்டிப் பரவாயில்ல தம்பி. கொன்ட்ரோலரத் தாங்க."

அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தந்தான். திலினி மிஸ் தன் அறையிலிருந்து வந்து பின்னால் நின்றார். "நான் நிற்கலாமா?" என்று கேட்டார். நில்லுங்கள் என்றேன்.

ஒலிபெருக்கி சொன்னது. நான் வேறு எங்கும் போகவில்லை. நேராக ஒழுங்கைக்குப் போனேன். கதவுக்குப் பின்னால் இருந்து ஹலீமா சொல்ல வேண்டியதைச் சொன்னாள். சந்தூக்கு வெளியே வந்தது. தோள் கொடுத்தேன். சில அடிகள் போனதும் அந்தச் சாரன் கட்டிய ஆள் வந்து எடுத்துக்கொண்டான். விலகி நடந்தேன். விளையாட்டுக்குள் அஸர் முடிந்ததும் பள்ளிவாசலில் பின் வரிசையில் நின்றேன். மையவாடியில் மூன்று பிடி மண் போட்டேன். அந்த மூன்று பிடிக்கு மட்டும் பொத்தானை அழுத்த வேண்டும் என்று நான்தான் வைத்திருந்தேன், விட்டால் நடக்காது.

பதில் 'ஆம்' என்று மாறியது. சேமித்தேன். வெட்டினேன். என் கடைசி வேலை அது. அந்த மாத முடிவில் விலகினேன்.

அன்றைக்குப் பகலே ஹலீமாவுக்குப் போன் எடுத்தேன்.

"முடிஞ்சா மச்சான்?"

"முடிஞ்சி."

"வெட்டிட்டீங்களா?"

"அடக்கிட்டுத்தான் வெட்டின."

வாடியில் காகம் கத்துவது கேட்டது.

"அஸரோடயா?" என்றாள்.

"ஓம்" என்றேன். "அஸரோட."